மேகமில்லாத நாளின் சோதனை

வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. அப்படிப்பட்ட காலையில் தம்பி இறக்கைக்கு அடியில் குனிந்து, காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் குழாயை விரல்நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகத்துக்குள் போனால் அதில் பனி உறையும். உறையாமலிருக்கச் சூடு ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஓட்டப்போகிறவனுக்கு அது எதற்கு? அக்காவுக்குச் சுருக்கென்றது.

அந்த விமானநிலையத்தில் ரேடியோக்களையும் மானிகளையும் கழற்றி மாட்டுகிறவள் அவள். "முள்ளெல்லாம் நீயே வச்சுக்க, எனக்கு ஜன்னல் போதும்" என்று இத்தனை வருஷமும் கேலி பேசியவன் இவன். இன்று இவனுடைய குட்டி விமானத்தில்தான் அவள் மகள் மலைக்கு அந்தப்புறம் கல்லூரிக்குப் போகிறாள், மாமாவோடு தனியாக.

பயணி ஏறும் முன் அவன் எஞ்சினை ஒருமுறை ஓட்டிக் காட்டுவான், அது சரியென்று பார்த்த பிறகு அக்கா இறங்கிக்கொள்வது வழக்கம். இன்றும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். தம்பி உயரமானியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து எண்ணைச் சரிசெய்தான். திசைகாட்டும் ரேடியோக்கள் இரண்டையும் ஒரே நிலையத்துக்குத் திருப்பி, முள்ளோடு முள் ஒத்துப்போகிறதா என்று பார்த்தான்.

"என்னடா, மழைக்குள்ள போறவன் மாதிரி எல்லாத்தையும் நோண்டுற?"

"சும்மாதான்க்கா. வயசாகுதுல்ல, பொறுப்பு வந்துடுச்சு."

பொறுப்பாம்! இவனுக்காம்! மலைப்பக்கம் மழையை மறைக்கிறானா? வானிலையை அவளே கேட்டிருந்தாள், எங்கும் வெயில். குடித்திருப்பானோ? ரேடியோவைப் பார்ப்பதுபோலச் சாய்ந்து மோந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. கூடப்பிறந்தவனைப் போய் மோந்து பார்க்கிறோமே என்று கூசினாலும் மனசு அடங்கவில்லை. இரண்டு முறை துடைத்த முன்கண்ணாடியை அவன் மறுபடி துடைத்தான். அதில் ஒரு தூசி கிடையாது.

மகள் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, போட்டோ எடுக்க ஓடினாள். பத்தடி முன்னால், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்தாள்.

தம்பி நேரே அவளைப் பார்த்தான். "முன்னால யாருமில்ல" என்றபடி, முன்விசிறியைச் சுழலவிடச் சாவியைத் திருப்பப் போனான்.

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"பாவி! எத்தனை நாளாடா இப்படி?"

அவன் சாவியிலிருந்து விரலை எடுத்தான்.

"வெயில்ல மட்டும்தான்க்கா. எல்லாம் வெள்ளையாப் போயிடுது. உள்ள இருக்கிறதெல்லாம் நல்லாத் தெரியுது. முள்ளைப் பாத்தே ஓட்டிடுவேன்." குரல் இறங்கியது. "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. இது போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை.

"மாமா, இங்க பாருங்க! சிரிங்க!" என்று வெளியே மகள் கத்தினாள்.

தம்பி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, மகள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி, வெறும் தரையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.