மூக்கை இரவல் கொடுத்தவள்

என் ஓரகத்திக்கு, கொழுந்தன் பெண்டாட்டி சின்னவளுக்கு, வாசனை தெரியாமல் போன விஷயம் முதலில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருத்தி அவள், இன்னொருத்தி நான். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். எழுந்தவளுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை அடுப்புக்கிட்டயே விடமாட்டார். நீங்கதான் காப்பாத்தணும்."

காப்பாற்றினேன். ஒரு மாதம் அவளுக்கு மூக்காக இருந்தேன். பட்டை போதுமா, முந்திரிப் பால் புளித்துவிட்டதா, ஆப்பிள் வெந்த வாசனை வந்துவிட்டதா என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவாள். நான் முகர்ந்து சொல்வேன். பாசத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வழியில்லாமல் செய்தேன்.

எங்கள் மாமனாருக்குப் பால் ஆகாது. அதை வைத்தே ஒரு கடை திறந்தார் மனுஷன். பால், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. பின்தெருவிலேயே பழக்கிடங்கு இருப்பதால் எங்களுக்கு எல்லாமே ஆப்பிள்தான். மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுகிற ஆப்பிள் பை, ஆப்பிள் கேக், ஆப்பிளும் வெங்காயமும் போட்ட சூப். பன்னிரண்டு வருஷமாக அத்தனைக்கும் தோல் சீவுகிறவள் நான். விரலில் கறை போனதே இல்லை. சின்னவள் வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. வந்த மூன்றாம் மாதமே முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரை பொங்க அடித்து, ஆப்பிள் கூழில் கலந்து, குளிரவைத்துக் கொடுத்தாள். மாமனார் ஒரு வாய் தின்றார். அன்றோடு அடுப்பு அவளுக்கு, கத்தி எனக்கு. எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த நிலையில்தான் ஓட்டல் வந்தது. பெரிய ஓட்டல், தினமும் இனிப்பு வேண்டுமாம். அதற்காக இரண்டாவது சமையல்கூடம் ஒன்று போடுவதாக மாமனார் முடிவு செய்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே சொல்லிவிட்டார்.

"சின்னவ கைப்பக்குவம் அவங்களுக்குப் பிடிச்சா புதுக்கூடம் அவளுக்கு. பிடிக்கலேன்னா பெரியவ பார்த்துக்கட்டும்."

பிடிக்கவில்லை என்றால்தான் எனக்காம். மிச்சம் மீதி எனக்கு.

ஓட்டல்காரர்கள் வருகிற நாள் காலையில் சின்னவள் ஆப்பிள் பைக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். வெண்ணெய்க்குப் பதில் உறைந்த தேங்காய் எண்ணெயை மாவில் உதிர்த்துப் போடுவது அவள் வழக்கம். கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. அலமாரியின் பின்னால் கிடந்த பழைய டப்பா ஒன்றைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது நல்லாயிருக்கா அக்கா?"

காறிப்போன எண்ணெய். குடலைப் பிடுங்கியது. கதவுக் கீலுக்குக்கூடப் போடமாட்டேன்.

"நல்லாயிருக்கு, போடு" என்றேன்.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை நான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் "அப்பாடா" என்று சிரித்தபடி மொத்தத்தையும் மாவில் கொட்டினாள். ஆப்பிளை அன்றைக்கு என்றுமில்லாத அழகாக, ஒரே அளவாக நறுக்கிக் கொடுத்தேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பை சூடாக இருக்கும்வரை பட்டை வாசனை எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். மாமனார் அடுப்புப் பக்கம் வந்து "ஆகா" என்றுவிட்டுப் போனார். ஆறினால்தான் காறல் தலைதூக்கும். ஓட்டல்காரர்கள் ஆறவைத்துத்தான் தின்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று பேர் வந்தார்கள். முன்னறையில் உட்காரவைத்து நான்தான் தட்டு வைத்தேன். நடுவில் உள்ளேயிருந்து தீய்ந்த வாடை வர, "அடுப்புல ஆப்பிள் அடிப்பிடிக்குது பாரு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். அவர்களின் தலைமைச் சமையல்காரர் ஆப்பிள் பையில் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். மெல்லவில்லை. கைக்குட்டையில் துப்பி மடித்துவைத்தார்.

"இதை நீங்க மோந்துகூட பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து போய்விட்டார்கள்.

சின்னவள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் தட்டுகளை அடுக்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, எனக்குக் காய்ச்சல்லேருந்து வாசனை தெரியல. மறைச்சது தப்புதான். ஆனா ஒவ்வொண்ணையும் அக்காகிட்ட காட்டிட்டுத்தான் போட்டேன். அந்த எண்ணெயையும் காட்டினேன். நல்லாயிருக்குன்னு சொன்னாங்க."

மாமனார் என் பக்கம் திரும்பினார். முகர்ந்தேன் என்றால் வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்றாகும். குடும்பத்தைக் கெடுத்தவளை வீட்டில் வைத்திருக்கிற ஆள் இல்லை அவர். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் அவகிட்டேருந்து காய்ச்சல் ஒட்டிக்கிச்சு மாமா. எனக்கும் வாசனை போயிடுச்சு. பயந்துபோய் சொல்லல."

அவர் எழுந்துபோய் வெண்ணிலா எசன்ஸ் பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே வைத்தார். லேபிளைக் கையால் மூடியிருந்தார். வாசனை மண்டைவரை ஏறியது.

"என்ன இது?"

"தெரியல மாமா."

பாட்டிலைச் சின்னவளிடம் நீட்டினார். அவள் கண்ணை மூடி நிதானமாக இழுத்தாள்.

"வெண்ணிலா. இன்னைக்குக் காலையில டீத்தூள் டப்பாவைத் திறந்தேன் மாமா, வாசனை வந்துடுச்சு. உங்ககிட்ட அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்ப அடுப்பு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் மாமனார். "ஓட்டல்ல கால்ல விழுந்தாவது இன்னொரு தடவை கேக்குறேன். பெரியவ முன்னால உக்காந்து பெட்டி கட்டட்டும். மூக்கு இல்லாதவளுக்குச் சமையல்கூடத்துல என்ன வேலை?"

அவர் போனபிறகு சின்னவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"காலையில அந்த எண்ணெய் டப்பாவையும் திறந்து மோந்தேன் அக்கா. வாந்தி வந்துச்சு. நேத்து முன்னறையில இருந்துக்கிட்டே அடிப்பிடிக்குதுன்னு சொன்னீங்களே, மூக்கு இல்லாமலா சொன்னீங்க? எனக்கும் வாசனை வந்துடுச்சுன்னு என்னைக்காவது மாமாகிட்ட போய் நின்னீங்கன்னா, இதை நானும் சொல்லுவேன்."

ஓட்டல்காரர்கள் இரண்டாம் தடவை வந்தார்கள், தின்றார்கள், சரி என்றார்கள். புதுக்கூடத்துச் சாவி சின்னவள் இடுப்பில் தொங்குகிறது. நான் முன்னறையில் அட்டைப்பெட்டி மடிக்கிறேன். தினமும் பதினோரு மணிக்கு, வாடிக்கையாளர்கள் நிறைந்திருக்கும்போது, மாமனார் கல்லாவில் இருக்கும்போது, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் கொண்டுவருவாள். பட்டையும் கருப்பட்டியும் கொதித்த வாசனையில் எனக்கு எச்சில் ஊறும். என் மூக்குக்குக் கீழே பிடிப்பாள்.

"இன்னைக்காவது தெரியுதா அக்கா?"

"இல்ல."

"பாவம்" என்பாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "பரவாயில்ல அக்கா. நாளைக்கும் கொண்டு வர்றேன்."