மூன்றாவது சிலிண்டர்

நின்றுபோன பஸ்ஸின் எஞ்சினைத் திறந்து மூன்றாவது சிலிண்டரைப் பார்த்த மாத்திரத்தில் மெக்கானிக் தேவசகாயத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்சுவரில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு, நகம் முழுசாக இறங்கும் ஆழத்துக்கு. கரி அடுப்பின் சாம்பல் உள்ளே புகுந்திருந்தால் சுற்றிலும் தேய்ந்திருக்கும், இப்படி ஒரே இடத்தில் உழுதிருக்காது. இது பிஸ்டனைக் குறுக்கே பிடித்திருக்கும் 'பின்' என்ற இரும்புக் கம்பி வெளியே நகர்ந்து வந்து உரசிய கோடு. அந்தக் கம்பி நகராமல் இருக்க இரண்டு பக்கமும் லாக்கு வளையம் போட வேண்டும். ஒரு பக்கம் வளையம் இருந்தது. மறுபக்கம் இல்லை.

எப்படி இல்லாமல் போனது என்பதும் கூடவே ஞாபகம் வந்து தொலைத்தது. போன மாதம் எஞ்சினை மாட்டும்போது ஒரு பக்க வளையத்தைப் போட்ட கையோடு மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. மணி கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நின்று மூவேளைச் செபம் சொல்வது அவர் வழக்கம். சொன்னார், சிலுவை போட்டார், உட்கார்ந்து அடுத்த பிஸ்டனை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். இதற்கு ஆண்டவரைக் குறை சொல்ல முடியுமா?

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காத காலம் அது. முதலாளி ராஜாங்கத்தின் திண்டிவனம் பஸ்ஸும் மற்ற பஸ்களைப் போலக் கரி அடுப்பை முதுகில் சுமந்துகொண்டு, அதில் வரும் வாயுவில்தான் ஓடியது. கரி போட்டு ஊதுவதும், கரிவாயுவை வடிகட்டும் துணியைத் தினமும் அலசி மாட்டுவதும் கன்னியப்பன் வேலை. நாற்பது வயசு. அடுத்தவர் நிலத்திலேயே பிறந்து அடுத்தவர் நிலத்திலேயே செத்த குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில், அத்தனை ஜனமும் சூழ்ந்து நிற்க, "யார் பண்ண வேலைய்யா இது?" என்று முதலாளி ராஜாங்கம் கத்தினார்.

தேவசகாயத்தின் நாக்கு அவரைக் கேட்கவில்லை. "துணிய சரியா அலசலீங்க. சாம்பல் பூந்துடுச்சி."

"இல்லீங்க, தெனம் அலசறேங்க," என்றான் கன்னியப்பன். யார் காதில் ஏறும்? தாலுக்கா முழுக்கப் பேர் வாங்கிய மெக்கானிக் சொல்லியாகிவிட்டது. "கழட்டுடா கம்பெனி சட்டைய," என்றார் முதலாளி. கன்னியப்பன் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றி, சட்டையை மடித்துப் படிக்கட்டில் வைத்துவிட்டு, வெறும் உடம்போடு கடைத்தெரு வழியே நடந்து போனான். தேவசகாயம் குனிந்து ஸ்பானரைத் தேடுவதுபோலப் பாவனை செய்தார். ஸ்பானர் கையிலேயே இருந்தது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று மனசுக்குள் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் பிளாக்கைப் பட்டணத்துக்கு அனுப்பி, கெட்ட சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து, அதற்குள் போடக் குழாய் போன்ற வார்ப்பிரும்பு ஸ்லீவ் ஒன்றும் கடைந்து வர மூன்று வாரம் ஆனது. குடைந்த துளையைவிட ஸ்லீவ் மயிரிழை பெரிசு. பிளாக்கைக் கரி நெருப்பில் காய்ச்ச வேண்டும், ஸ்லீவை ஐஸில் புதைக்க வேண்டும். அது விரிந்து இது சுருங்கியிருக்கும் அந்த நொடியில் ஒரே மூச்சில் இறக்கிவிட வேண்டும். பாதியில் நின்றால் பிளாக்கைப் பழைய இரும்புக்குத்தான் போடலாம்.

கரி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியவன் கன்னியப்பன். இப்போது காட்டில் கரி சுட்டு விற்கிறானாம். மூட்டையை வைத்தவன் போகாமல் நின்றான்.

"மேஸ்திரி, உங்க மேல ரொம்ப கோவமா இருந்தேன். அப்பறம் ரோசன பண்ணி பாத்தேன். ஒருநாளு கெணத்துல தண்ணி இல்லன்னு துணிய ஒரு தபாதான் அலசனேன். அன்னிக்கிதான் பூந்திருக்கும். மனசுல வெச்சிக்காதீங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவசகாயத்துக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நெருப்பின் பக்கம் திரும்பித் துருத்தியை எடுத்து ஊத ஆரம்பித்தார்.

"காத்து பத்தல, தள்ளுங்க," என்று கன்னியப்பனே துருத்தியை வாங்கி ஊதினான். பிளாக் காய்ந்தது. தேவசகாயம் ஸ்லீவை ஐஸிலிருந்து எடுத்துத் துடைத்து, துளைக்கு நேரே பிடித்தார். ஸ்லீவ் சற்றுச் சாய்ந்தது. ஈரச் சாக்கைச் சுற்றிய கையால் கன்னியப்பன் மறுபுறம் பிடித்து நிமிர்த்தினான். விட்டார்கள். வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கி, டொக்கென்று உட்கார்ந்தது.

கன்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்பாடா! என்னால கெட்டது சரியாயிடுச்சி மேஸ்திரி."

"உன்னால கெடல," என்றார் தேவசகாயம். "லாக்கு வளையம் போட மறந்தது நான்."

சிரிப்பு நின்றது. "இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"தொறந்தப்பவே."

"நான் சட்டைய கழட்டும்போது?"

"தெரியும்."

கன்னியப்பன் சாக்கைக் கையிலிருந்து மெதுவாக உருவிப் போட்டான். "முதலாளி கிட்ட தனியா பேசி உனக்கு வேல வாங்கித் தரேன் கன்னியப்பா," என்று தேவசகாயம் அவசரமாகச் சொன்னார். சொல்லும்போதே அந்த 'தனியா' அவருக்கே கூசியது.

"வேல கெடக்கட்டும். என் பொண்டாட்டி மீனம்பாளே என்ன நம்பல. நானே என்ன நம்பாம பூட்டேன். பஸ் ஸ்டாண்டுலதான சொன்னீங்க? அங்க வந்து சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் வேறொரு கம்பெனி பஸ்ஸுக்கு ஜனம் காத்திருந்த நேரம். சந்தைக்கு வந்தவர்கள், தாலுக்கா கச்சேரிக்கு வந்தவர்கள், மேல்சித்தாமூர் வியாபாரிகள். ராஜாங்கம் வெற்றிலைக் கடையில் நின்றிருந்தார். தேவசகாயம் நடுவில் போய் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். குரல் அவர் மீசையைத் தாண்டவில்லை. ஒன்றிரண்டு பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்கல மேஸ்திரி," என்றான் கன்னியப்பன்.

தேவசகாயம் குரலை உயர்த்தி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.