சத்தமாகச் சிரிப்பவர்கள்

மகன் செத்துப்போன பிறகு பெற்றவள் சிரிப்பு வகுப்புக்குப் போகிறாள் என்பதைக் கணேசபாண்டியனால் ஜீரணிக்கவே முடியவில்லை.

மகன் ரமேஷ்குமார் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, தாராவி லேபர் கேம்ப் குடியிருப்பின் ஒற்றை அறையில் அவரும் மனைவி பிரபாவதியும்தான். அங்கேயே அவருக்கு மளிகைக்கடை. கடை திறக்கப் போகுமுன் பாயை விரித்து ஆசனம் போடுவது அவருடைய நெடுநாள் பழக்கம். மகன் போன பின் அது நீண்டுகொண்டே போனது. கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, மூச்சு வருவதும் போவதும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அசையாமல் இருப்பதுதான் யோகா, மற்றதெல்லாம் வித்தை என்பது அவர் கட்சி. அந்த நேரத்தில் பிரபாவதி சத்தம் வராமலிருக்கப் பாத்திரத்தைக்கூடத் துணியால் பிடித்துத்தான் நகர்த்துவாள்.

பிறகு அவள் மாட்டுங்காவில் ஒரு கார்டனுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே சிரிப்பு யோகா.

"அதுவும் யோகாதான்னு சொல்லுதாவ. ஒரு நாள் வந்துதான் பாருங்களேன்."

"கையத் தட்டிப் பல்லக் காட்டுறது யோகாவா? சர்க்கஸ்னு சொல்லு."

அவள் மறுபடியும் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "பெத்த புள்ளையத் தின்னுட்டுச் சிரிக்கப் போறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் தட்டில் சோறு வைத்துவிட்டுச் சொன்னாள். "ஞாயித்துக்கிழம கார்டன் முடிஞ்சி அப்படியே தாணேக்குப் போறேன். ஜான்சி வீட்டுல இருந்துக்கிடுதேன்." ஜான்சி அவள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறக்கவில்லை. அவளைத் திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும். அதற்குச் சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கார்டனுக்குப் போனார்.

மரத்தடியில் வட்டமாக நின்றிருந்தார்கள். பெஞ்சில், தாணேக்குப் போகத் துணி அடைத்த பிரபாவதியின் பை. அவரைப் பார்த்ததும் அவள் தூக்கியிருந்த கைகள் கீழே இறங்கின.

"பிரபாவோட ஆத்துக்காரரா? வாங்கோ!" என்றாள் வகுப்பை நடத்தும் பிரேமலதா. "மூஞ்சிய இஸ்திரி போட்டுண்டு வந்திருக்கேளே, கொஞ்சம் கசக்குங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹோ ஹோ, ஹா ஹா ஹா. அவரும் கையை ஆட்டினார். சத்தம் வரவில்லை.

பக்கத்தில் சிரித்துக்கொண்டே இருந்த, ஆண்டாப் ஹில்லிலிருந்து வரும் சைனப், திடீரென்று குனிந்தாள். சிரிப்பு வேறு சத்தமாக மாறியது. அழுகிறாள். அவர் பதறி அவள் பக்கம் நகர்ந்தார். பிரேமலதா வேண்டாம் என்று தலையாட்டினாள். மற்றவர்கள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி முன்னைவிட உரக்கச் சிரிக்கத் தொடங்கினார்கள். வேலிக்கு அப்பால் நடைப்பயிற்சி போனவர்களுக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டிருக்கும். சைனப் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரிப்பில் சேர்ந்தாள்.

நடுவில் தண்ணீர் குடிக்க விட்டபோது மனைவியிடம் போனார்.

"அந்தப் பொம்பள அழுதுச்சே, ஒருத்தரும் என்னன்னு கேக்கலியே?"

"கேக்கக் கூடாது. ஒருத்தர் அழுதா மத்தவங்க சத்தத்தக் கூட்டணும். இங்க அதான் வழக்கம்."

"நீயும் அழுவியா?"

"தெனமும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் அவள் அழுது அவர் கேட்டதில்லை. அழாத மனசு என்று நினைத்திருந்தார்.

"வீட்ல எங்க வச்சி அழ?" என்றாள். "நீங்க கண்ண மூடி இருக்கிய. நான் மூக்க உறிஞ்சினாக்கூட ஒங்க புருவம் சுளிக்கும்."

மரத்திலிருந்து ஒரு காய்ந்த இலை அவள் பையின் மேல் விழுந்தது. யாரும் தட்டிவிடவில்லை.

"நானும் தெனமும் வாரேன் பிரபா. வீட்டுக்கு வந்திரு."

"வாங்க. ஒங்களுக்கு நல்லதுதான்." அவள் குரலில் கோபம் இல்லை. "சும்மா இருந்தா ஒங்களுக்கு ஆறுது. அத நான் ஒருநாளும் கொற சொல்லல. எனக்கு அப்படி ஆறல. இதையும் நீங்க ஒருநாள் வந்து பாத்திருக்கலாம். இப்ப அந்த ரூமுக்குள்ள கால் வைக்க என்னால முடியாது."

கடைசிச் சுற்றுக்குப் பிரேமலதா கை தட்டினாள். அவர் வட்டத்தில் நின்றார், அவளுக்கு எதிரே. ஹோ என்றார். இரண்டாவது ஹோ தொண்டையில் உடைந்தது. முதுகு, அத்தனை வருஷமாக நிமிர்த்தியே வைத்திருந்த முதுகு, மடங்கியது. புல்லில் முழங்கால் ஊன்றி, மகன் பேரைச் சொல்லி, கடைத்தெருவில் யாரும் அவரிடம் கேட்டிராத குரலில் அழுதார்.

வட்டம் உரக்கச் சிரித்தது. அதற்கும் மேலே ஒரு சிரிப்பு எழும்பியது. தலையைத் தூக்காமலே அது யாருடையது என்று தெரிந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கைகளை வானத்துக்குத் தூக்கி, அவர் அழுகை வெளியே கேட்டுவிடாதபடி பிரபாவதி சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஓயும்வரை அவளும் ஓயவில்லை.

அவர் முகத்தைத் துடைத்து நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே அவள் இல்லை, பெஞ்சில் பை இல்லை.