எனக்கும் பெட்டிக்கும் ஐம்பது நிமிடம்

இரண்டு விமானங்களுக்கு நடுவே எனக்கும் என் பெட்டிக்கும் சேர்த்து ஐம்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். முதல் விமானத்திலிருந்து இறங்கும்போது வாசலில் நின்ற பணிப்பெண் அதை ஒரு காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். மூடியும் போட்டிருந்தாள்.

"ஓடாதீங்க சார். ஓடினா சிந்திடும்."

"நடந்தா?"

"நடந்தா ஆவியாயிடும். அது பரவாயில்ல, எல்லாருக்கும் அப்படித்தான்."

எனக்கு முன்னால் இறங்கியவருக்கு ஆறு மணி நேரத்தை வாளியில் கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் என் டிக்கெட்டை நான்தான் எடுத்தேன். ஐம்பது நிமிடம் தாராளம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னதும் நான்தான்.

என் பெயர் ரத்தினசபாபதி. மாயவரத்துக்காரன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கனடாவில் இருக்கும் மகள் அபயாம்பிகைக்கு நிறைமாதம். பிரசவத்துக்கு அம்மா போவதுதான் வழக்கம். போக வேண்டிய தையல்நாயகி, குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. கப்பல் நடுக்கடலில் இருக்கிறது. ஆகவே என்னை அனுப்பினார்கள். வேறு ஆள் கிடைத்திருந்தால் என்னை அனுப்பியிருக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும்.

கிளம்பும் அன்று தையல்நாயகி தன் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். மாம்பழ நிறம், நீலக் கரை. படுத்தபடியே அதிலிருந்து இரண்டு துண்டு கிழித்தாள். ஒன்றைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள். மற்றொன்றை என் மணிக்கட்டில் கட்டினாள்.

"பெட்டிக்குச் சரி. பெல்ட்டுல ஒரே மாதிரி நூறு பெட்டி வரும். எனக்கு எதுக்கு?" என்றேன்.

"உங்கள மாதிரியும் நூறு பேர் வருவாங்க" என்றாள்.

அவளோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. கட்டியபடியே வந்துவிட்டேன்.

அடுத்த விமானம் பதினேழாம் கேட்டில். அம்புக்குறியைப் பார்த்து நடந்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நடக்க நடக்க நடைபாதை நீண்டுகொண்டே போனது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குச் சற்று முன்னால் ஒருவர் கம்பளச் சுருளை விரித்தபடி பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார். அவர் விரிக்கிற அளவுக்கு நடைபாதை உண்டானது.

"கொஞ்சம் நிறுத்துங்களேன். நான் விமானத்தப் பிடிக்கணும்."

"இன்னும் நாலு சுருள் இருக்கு. இன்னிக்கு முடிச்சாகணும் சார்."

"முடிக்கலன்னா?"

"ஏர்போர்ட் சின்னதாயிடும்."

அவர் வேலையை அவர் பார்க்கிறார். நான் ஓரமாக விலகி அடுத்த பாதையில் நுழைந்தேன். அங்கே இரண்டு பேர் பதினேழாம் கேட்டைத் தோளில் சுமந்துகொண்டு எதிரே வந்தார்கள். கதவு, கண்ணாடி, எண் எழுதிய பலகை எல்லாம் அதில் இருந்தன. கேட் மாறிவிட்டது என்றார்கள். எங்கே என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லை, டீ குடித்துவிட்டு வந்தால் சொல்வார்கள் என்றார்கள். கேட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் கதவைத் திறந்து பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

கோப்பையை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி.

வழி கேட்கலாம் என்று டிரான்ஸ்பர் கவுண்டருக்குப் போனேன். கவுண்டரில் மெர்லின் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் இருந்தாள். என் பெட்டி எனக்கு முன்பே வந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் கைப்பிடியில் மாம்பழ நிறத் துணி தெரிந்தது. அயலூரில் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

"இது உங்க பெட்டியா?" என்றாள் மெர்லின்.

"ஆமாம்மா."

"நீங்களே அடுக்கினதா?"

"இல்ல. என் வீட்டம்மா அடுக்கினாங்க."

"உள்ள என்ன இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. முப்பது தடவையாவது வெளியூர் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட என் பெட்டியை நான் அடுக்கியதில்லை. திறந்தால் வேட்டி மேலாக இருக்கும், எண்ணெய் பாட்டில் ஓரமாக இருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று யோசித்ததில்லை.

"பிரசவ மருந்து இருக்கு. மகளுக்கு" என்றேன்.

"எப்பக் குடுக்கணும்? எவ்வளவு?"

"அது பெட்டிக்குத்தான் தெரியும்."

மெர்லின் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி பேசவில்லை. ஆனால் தெரிந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தது. அவள் என் கோப்பையை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குப் பத்தாது சார். ஒருத்தர் போகலாம். பெட்டியா நீங்களா, யோசிச்சுச் சொல்லுங்க."

மாயவரத்துக்குப் போன் போட்டேன். ஒரே மணியில் தையல்நாயகி எடுத்தாள்.

"தையலு, ஒருத்தர்தான் போகலாமாம். நானா, பெட்டியா?"

அவள் யோசிக்கவே இல்லை. "பெட்டிய அனுப்புங்க. உங்களுக்கு வெந்நி வைக்கவே தெரியாது."

சொன்னது நியாயம்தான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. போனை வைத்த கையோடு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"நடுவுலதாம்மா. நீ?"

"ஏர்போர்ட்டுல, பெல்ட்டுக்குப் பக்கத்துல நிக்கறேன். விட்டு விட்டு வலிக்குதுப்பா."

"வலிக்கறப்ப அங்க எதுக்கும்மா வந்தே?"

"வீட்டுல தனியா இருக்க முடியல."

"பெட்டி மட்டும்தாம்மா வருது. அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

"பெட்டி வந்து என்னப்பா பண்ணும்?"

"மருந்தெல்லாம் அதுலதான் இருக்கு."

"வலி வர்றப்ப புடிச்சுக்க ஒரு கை வேணும்பா எனக்கு."

"பெட்டிக்குக் கைப்பிடி இருக்கும்மா" என்றேன்.

அபயா போனை வைத்துவிட்டாள். நான் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. அப்படியே போனைப் பிடித்தபடி நின்றேன். மெர்லின் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அது என்ன துணி?"

"அடையாளத்துக்கு. பெட்டியிலயும் அதேதான் கட்டியிருக்கு."

"அப்ப நீங்க லக்கேஜ். இத முதல்லயே சொல்லக்கூடாதா சார்?"

"எனக்கே இப்பத்தாம்மா தெரியும்."

"லக்கேஜுன்னா ரெண்டு பீஸ் வரைக்கும் ஒருத்தரோட நேரமே போதும். ரெண்டும் போகலாம். எடைமேல ஏறுங்க."

ஏறினேன். ஒரு பீஸுக்கு இருபத்துமூன்று கிலோ கணக்கு. நான் அறுபத்தெட்டு இருந்தேன்.

"எடுக்க வேண்டியத எடுத்துடுங்க. ஓரமா உக்காந்து எடுங்க, வரிசை நிக்குது" என்றாள்.

தரையில் உட்கார்ந்து என்னைத் திறந்தேன். வரிசையில் நின்றவர்கள் வழக்கம்போல உதவிக்கு வந்துவிட்டார்கள். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், கனமானதை முதலில் எடுங்கள் என்றார். முதலில் வந்தது மின்வாரிய உத்தியோகம். முப்பது சொச்சம் ஆண்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இத ரிட்டையர் ஆனப்பவே எடுத்திருக்கணும் இல்ல?" என்றார் அம்மாள்.

அதற்கடியில் அபிப்பிராயங்கள். மருமகனுக்குக் கப்பல் வேலை சரிவராது என்பது, கனடாவில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்பது, பிள்ளைக்கு என் அப்பா பெயரைத்தான் வைக்கவேண்டும் என்பது. எடுக்க எடுக்க வந்தன. பக்கவாட்டில் 'எனக்குத் தெரியும்' என்பது செருகியிருந்தது. அதை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. முழங்கால் வலியையும் எடுக்கப் பார்த்தேன். அது வரவில்லை, சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

கடைசியாக, ஒரு மூலையில் பயம் கிடந்தது. பார்க்கச் சின்னது. தூக்கினால் கனம். மெர்லினிடம் காட்டினேன்.

"இதையும் எடுத்துடணுமா?"

"என்ன பயம்?"

"புள்ள தனியா நிக்குதே, அது."

அவள் எடையின் முள்ளைப் பார்த்தாள். "அது இருக்கட்டும் சார்" என்றாள்.

எடுத்ததெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. மறுபடி ஏறினேன். முள் இருபத்துமூன்றில் நின்றது. ஆனாலும் எனக்கு மூட வரவில்லை. வரிசையிலிருந்த ஒருவர் என் தோள்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினார். அப்புறம் மூடிவிட்டது. மெர்லின் மணிக்கட்டுத் துணிக்கு மேல் காகித வில்லை ஒட்டினாள். கோப்பையை என் சட்டைப்பைக்குள் நிமிர்த்தி வைத்தாள்.

"உள்ள அசையாம படுத்திருங்க. பெட்டி மாதிரி இருங்க."

பெல்ட் எங்களை எடுத்துக்கொண்டது. ரப்பர்த் திரைகளைத் தாண்டி, இருட்டில் இறங்கி, விமானத்தின் வயிற்றுக்குள் போனோம். நடைபாதையும் இல்லை, கேட்டும் இல்லை. இப்படி ஒரு குறுக்குவழி இருப்பதை எந்த அம்புக்குறியும் சொல்லவில்லை.

உள்ளே குளிர். என் பெட்டி எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. விமானம் மேலே ஏறியதும் அது பேசத் தொடங்கியது. குரல் தையல்நாயகியின் குரல்.

"லேகியம் சின்ன நெல்லிக்கா அளவு. காலையில வெறும் வயித்துல. அவ வேணாம்னு சொல்லுவா, விடாதீங்க."

"சரி."

"வெந்நி வைக்கிறப்ப பக்கத்துலயே நில்லுங்க. பேப்பர் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"சரி."

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அதுதான் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறதே. கடல் முழுக்க அது சொல்ல, நான் ஒப்பித்தேன். பூண்டு எப்படி வதக்குவது, துணியை எப்படி மடித்துக் குழந்தையைச் சுற்றுவது எல்லாம் வந்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது. லக்கேஜ் அழக்கூடாது என்று மெர்லின் சொல்லவில்லை, அதனால் அழுதேன்.

கனடாவில் பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் படுத்திருந்தார். பழுப்பு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், வயிற்றின்மேல் கைப்பை. அவருக்கு முன்னால் அதேபோல் இன்னொருவர். எனக்குப் பின்னாலும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே நரை, ஒரே தொந்தி. நூறு பேர் இருப்போம். யாரும் யாரோடும் பேசவில்லை, கூரையைப் பார்த்தபடி வந்தோம்.

அபயா பெல்ட்டின் வளைவில் நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில். முகம் வீங்கியிருந்தது. என் குழந்தை இவ்வளவு பெரிதாகிவிட்டதா என்றிருந்தது எனக்கு. கூப்பிட வாயெடுத்தேன், லக்கேஜ் கூப்பிடாது என்பது நினைவுக்கு வந்தது. அவள் கண் ஒவ்வொருவர் முகமாகப் போனது. என் முகத்திலும் நின்றது. பிறகு அடுத்தவரிடம் போய்விட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது.

அப்போது அவளுக்கு வலி வந்தது. குனிந்து பெல்ட்டின் விளிம்பைப் பிடித்தாள். குனிந்தபோது துணியைப் பார்த்துவிட்டாள். மாம்பழ நிறம், நீலக் கரை. அவள் சின்னவளாக இருந்தபோது இந்தப் புடவையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள்.

அவள் என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. பெல்ட் நிற்கவில்லை. அவள் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தாள். நான் படுத்தபடி போனேன். வளைவில் வலி விட்டது. நானே காலைக் கீழே வைத்து இறங்கினேன். வெயிட் தூக்கக்கூடாத நேரம் அவளுக்கு.

பெட்டி எங்களைத் தாண்டிப் போனது. எடுக்கக் கை நீட்டினேன்.

"கைய விடாதீங்கப்பா. அது சுத்தி வரட்டும்."

சுற்றி வந்தது. அப்போது அடுத்த வலி வந்தது. மறுபடி போகவிட்டோம். மூன்றாம் சுற்றில் அவள் கையை விடாமல் இன்னொரு கையால் இறக்கிவிட்டேன்.

"அப்பா, ஆஸ்பத்திரி வரைக்கும் நேரம் இருக்கா?"

சட்டைப்பையிலிருந்து கோப்பையை எடுத்தேன். மூடியைத் திறந்து இருவரும் பார்த்தோம். அடியில் கொஞ்சம் இருந்தது.

"ஓடாமப் போனா பத்தும்மா" என்றேன்.