பேசிக்கொண்டே இழுக்க வேண்டும்

என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை கடையில் பேசுகிறதில் கால்வாசி வீட்டில் பேசியிருந்தால் நான் இவ்வளவு சிடுசிடுப்பாக ஆகியிருக்க மாட்டேன். ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஜவுளிக்கடை. அங்கே நாள் முழுக்க வாய் ஓயாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடத் தட்டை நகர்த்தித்தான் தெரியப்படுத்துவார்.

சித்திரையில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லாவிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வந்ததிலிருந்து அவருக்கு ஒரே கவலை, ஆடித் தள்ளுபடிக்குள் கடையில் போய் உட்கார வேண்டும். உடம்பு தேறட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். உடம்பு தேறுவதற்காகத்தான், உட்கார்ந்த இடத்திலேயே படகு வலிக்கிற மாதிரி இழுக்கிற ரோயிங் மெஷின் ஹாலுக்கு வந்தது.

அடையாறிலிருந்து தாரணி என்ற பிசியோதெரபிப் பெண் வந்து பழக்கினாள். அவர் வேட்டியோடு ஏறப் போனார். இருக்கை முன்னும் பின்னும் ஓடுகிற சக்கரத்தில் துணி சிக்கும் என்று பேன்ட் போடவைத்தாள். பாதத்தை வாரில் இறுக்கிக்கொண்டு முதலில் காலால் தள்ள வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியில்தான் கை பிடியை இழுக்க வேண்டும். முதுகு கூனக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இழுக்கும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் அவருக்கு அளவு. நெஞ்சில் பாரமோ வலியோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். கூடவே உட்கார்ந்து கவனிக்கிற வேலை எனக்கு.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சியும் கிடைக்காத பேச்சை ஒரு மெஷின் வாங்கித் தரப் போகிறதே என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் தள்ளினார், சாய்ந்தார், இழுத்தார். பேசுங்கள் என்றேன். திருதிருவென்று விழித்துவிட்டு ஆரம்பித்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. இது மென்பட்டு. கசங்காது, சாயம் போகாதும்மா. பார்டரப் பாருங்க."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. போகட்டும், இதுவும் பேச்சுதானே. நானும் சேலை வாங்க வந்தவளாக மாறி, அந்த நிறம் வேண்டாம், இதைப் பிரியுங்கள் என்று படுத்தியெடுத்தேன். தினமும் காலையில் இதே கூத்து. தாரணி போனில் விசாரித்தால், ஐயா நன்றாகப் பேசுகிறார் என்று பெருமையாகச் சொல்வேன்.

ஆனி கடைசியில், டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், அவர் வழக்கத்தைவிட வேகமாக இழுத்தார். மெதுவாக என்றேன், கேட்கவில்லை. பேச்சு மட்டும் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க, நெஞ்சு வலிக்குதா?"

"சாயம் போகாதும்மா."

நான் கேட்டது அவர் காதில் ஏறவே இல்லை. அந்தப் பேச்சுக்கு மூச்சும் வேண்டாம், நினைப்பும் வேண்டாம். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போனது, அதுபாட்டுக்கு ஓடுகிறது. இதை நம்பியா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்! தோளைப் பிடித்து நிறுத்தினேன். பிடியை வாங்கி முன்னால் வைத்தேன். கால் வாரைத் தளர்த்தி, டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

நேரத்தில் நிறுத்தியது நல்லதாயிற்று, இதயத்துக்குப் புதிதாகச் சேதம் எதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்தை மாற்றினார்கள். கடைப் பக்கம் இப்போதைக்குப் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் வார்டில் கட்டிலருகே உட்கார்ந்ததும் என் பயமெல்லாம் கோபமாக வந்தது. வலித்ததா இல்லையா, ஏன் மறைத்தீர்கள், உயிரைவிடக் கடை பெரிதா என்று பொரிந்து தள்ளினேன். அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"காலையில இருந்தே வலிதான். சொன்னா கடைக்கு விடமாட்டாங்க. வீட்டுலயே இருக்கணும். வீட்டுல என்ன பேசணும்னு எனக்குத் தெரியாது மீனாட்சி. எப்பவும் தெரிஞ்சதில்ல."

இத்தனை வருஷமும் அதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன். மனுஷன் தெரியாமல்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை நினைத்தும் பாவமாக இருந்தது, என்னை நினைத்தும் பாவமாக இருந்தது.

"பெருசா ஒண்ணும் பேச வேண்டாம்," என்றேன். "ஒடம்பு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

யோசித்தார். சேலை விற்கும்போது இப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

"நெஞ்சு இப்ப வலிக்கல."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"காலு குளுருது."

போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன். நாற்காலியை இன்னும் கிட்டத்தில் போட்டுக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றேன்.