வரிப்புல்

வாசலோரம் வெள்ளை வரியோடிய அலங்காரப் புல்லை நட்டவர் என் வீட்டுக்காரர். அதில் வரியில்லாத பச்சைக் குருத்து முளைத்தால் வேரோடு பிடுங்கிவிடுவார். விட்டால் அது வரிப்புல்லையே விழுங்கிவிடுமாம்.

"செழிப்பா வர்றதைப் பிடுங்கிட்டு, சோகை பிடிச்சதுக்குத் தண்ணி ஊத்துறீங்களே!" என்று சண்டைக்கு நிற்பேன்.

அவர் போன பிறகு ஒரு குருத்தையும் நான் தொடவில்லை. இப்போது புதர் முழுக்கப் பச்சை.

"பாத்தீங்களா, எப்படித் தளதளன்னு இருக்கு!" என்று இன்று காலை சத்தமாகவே சொன்னேன். எதிர்த்துப் பேச ஆளில்லை.

கீழே உட்கார்ந்து புதரை விலக்கித் தேடினேன். அடியில் ஒரே ஒரு வரிக்குருத்து மிஞ்சியிருந்தது. அதைச் சுற்றியிருந்த பச்சையைப் பிடுங்க ஆரம்பித்தேன். சண்டையில் அவர் பங்கையும் நானேதான் பேச வேண்டியிருந்தது.