அடுத்தவன் அடைத்த தோட்டா

டெல்பர்ட் தன் பழைய வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது ரோவீனாவின் ரப்பர் செருப்பு வந்து நின்றது. மேலே முன்மூடியின் மீது எதையோ வைத்தாள். தோட்டா நிறைந்த பெட்டியின் கனத்த சத்தம் அது. முப்பது வருஷம் கேட்டுப் பழகிய காதுக்கு அதைப் பார்க்கவே வேண்டாம்.

"வெளிய வா, டெல்."

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. காலைப் பிடிச்சு இழுத்து விடு."

"நான் இழுத்தா பாதி ஆள்தான் வருவ. மீதியை வெச்சு நான் என்ன பண்ணுறது?"

முனகிக்கொண்டே நகர்ந்து வெளியே வந்தான். சுண்ணாம்புக் கல் குவாரியில் நாற்பது வருஷம் குனிந்து நிமிர்ந்த இடுப்பு. போன குளிர்காலத்தில் அதை ஆஸ்பத்திரியில் கிழித்துத் தைத்திருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். மூடியில் வெர்லினின் கோணல் எழுத்தில் 'கார்பைன்' என்று அவனுடைய குட்டைத் துப்பாக்கியின் பெயர் இருந்தது.

ரோவீனாவின் புருஷன் வெர்லின். மார்ச் மாதம் அடக்கம் பண்ணினார்கள். டெல்பர்ட்டுக்குப் பக்கத்து வீடு, குவாரியில் பக்கத்து ஆள், சனிக்கிழமைகளில் சுடும் இடத்திலும் பக்கத்து ஆள்.

"போன குளிர்ல அவன் அடைச்சது. கடைசிப் பெட்டி," என்றாள் ரோவீனா. "சனிக்கிழமை இரும்புத் தகட்டைக் குறி வெச்சுச் சுடுவீங்கல்ல? அவன் துப்பாக்கியால இதை நீங்க எல்லாரும் மாத்தி மாத்திச் சுடணும். எனக்கு வீட்டு வாசல்ல நின்னா கேக்கும். சர்ச்சுல நல்லாத்தான் பாடுனாங்க. ஆனா பாட்டு ஆரம்பிச்சா அவன் தூங்குற ஆளு. இது கேட்டாத்தான் எழுந்திரிப்பான்."

டெல்பர்ட் தலையை ஆட்டினான். அது சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. அவள் சரி என்றே எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்த ஊரில் சுட்ட தோட்டாவின் வெறும் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து அவரவர் வீட்டிலேயே அடைத்துக்கொள்வார்கள். அங்கே ஓட்டைப் படகைக்கூட இரவல் கேட்கலாம். அடுத்தவன் அடைத்த தோட்டாவை மட்டும் யாரும் சுட மாட்டார்கள். அண்ணன் அடைத்ததைத் தம்பி சுட மாட்டான். அதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. கூட்டுக்குள் எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்பது போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். ஈயக் குண்டை வைத்து அழுத்தி மூடிவிட்டால் எல்லாத் தோட்டாவும் ஒரே முகம்தான். அந்த வழக்கத்தை அங்கே எல்லாரையும்விட இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவன் வெர்லின்.

குளிர்காலம் முழுக்க அவன் வீட்டு நிலவறையில்தான் இருவரும் கிடப்பார்கள். ஒரு மூலையில் விறகடுப்பு. ஜன்னல் என்று பேருக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். அதில் பாதிக்குப் பனி ஏறியிருக்கும். மேலே ரோவீனா நடப்பது மரத்தளத்தில் கேட்கும். நடை வேகமானால் மக்காச்சோள ரொட்டி வெந்துவிட்டது என்று அர்த்தம். ஈயமும் மெழுகும் காப்பியும் கலந்த அந்த வாசனை டெல்பர்ட்டின் கம்பளிச் சட்டையில் வசந்தம் வரைக்கும் இருக்கும். அவன் மனைவி இருந்த காலத்தில், "உனக்குத் தனிக் கொடி கட்டித் துணி காயப்போடணும்" என்று திட்டுவாள்.

மருந்து போடும் நேரம் வந்தால் வெர்லின் ரேடியோவை அணைப்பான். பந்தாட்டத்தில் கடைசிக் கட்டமாக இருந்தாலும் அணைப்பான்.

"டேய், ஒரு நிமிஷம்டா! ஜெயிக்கப் போறாங்க!"

"அவங்க ஜெயிச்சா உனக்கு மூக்கு ரெண்டா முளைக்குமா? இருக்குற ஒண்ணைக் காப்பாத்திக்கோ."

மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். வேறு மருந்து வேண்டுமென்றால் இதை மூடி அலமாரியில் வைத்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுகளில் ஆகக் குறைந்ததில்தான் ஆரம்பிக்க வேண்டும். கடைசியில், வாதுமைப் பலகையில் வெர்லின் துளை போட்டுச் செய்த கட்டையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி, ஒருவன் டார்ச் அடிக்க, மற்றவன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஆள் மாறிப் பார்க்க வேண்டும். அந்தத் துளி மருந்து கூட்டில் பாதியைக்கூட நிரப்பாது. இரண்டு தடவை போட்டாலும் வழியாது. கண்தான் பிடிக்க வேண்டும்.

"நம்ம கார்பைனுக்குள்ள பூட்டு கிடையாதுடா," என்பான் வெர்லின். "ஒரு இரும்புக் கட்டி, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு தடியன் முதுகால அடைச்சுக்கிட்டு நிக்கிறான்னு வெச்சுக்கோ. அளவாத் தள்ளினா அசைஞ்சு கொடுத்துட்டு மறுபடி வந்து நிப்பான். ரெட்டிப்பாத் தள்ளினா? கதவு சீக்கிரமே திறந்துக்கும். கூடு வெளிய பாதி வந்த நிலையில வெடிக்கும். உன் மூஞ்சிக்கு ஒரு ஜாண் முன்னால."

போன குளிர்காலத்தில் டெல்பர்ட்டால் நிலவறைப் படி இறங்க முடியவில்லை. டார்ச் பிடிக்க ஆள் இல்லாமல் வெர்லின் தனியாகத்தான் அடைத்திருப்பான். அந்தக் குளிர்காலத்தில்தான் அவன் வீட்டுச் செருப்போடு தபாலாபீசுக்குப் போனதும். எப்போதோ செத்துப்போன நாயை, "எங்கடா காணோம்" என்று வேலிக்கு மேல் எட்டிக் கேட்டதும். டெல்பர்ட், "காட்டுப் பக்கம் போயிருக்கும்" என்று சொல்லி வைத்தான். ரோவீனா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாராவது கேட்டால், "காது மந்தம்" என்பாள்.

இப்போது பெட்டி டெல்பர்ட்டின் சமையல் மேஜை மேல் இருந்தது. சுட மாட்டேன் என்றால், உன் புருஷனுக்குப் புத்தி போயிருந்தது என்று அவள் முகத்தில் சொன்னதாகும். சுட்டால் யார் முகத்தில் எது வெடிக்குமோ. கடைத் தோட்டாவை வாங்கி மாற்றி வைத்துவிடலாம். மலைக்கு இந்தப் பக்கம் வாசலில் நிற்கும் அவளுக்குச் சத்தம் ஒன்றுதான். அப்படியும் யோசித்தான். ஆனால் அவள் கேட்டது சத்தத்தை மட்டும் இல்லையே.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போய்ச் சுத்தியை எடுத்தான். அதன் தலைக்குள் தோட்டாவைச் சொருகி, மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று தலைக்குள்ளேயே விழும் பிளாஸ்டிக் சுத்தி. மருந்தை மாற்றினால் போதும் என்று நினைத்தான். வெர்லின் வார்த்த ஈயமும், வெர்லின் துடைத்த கூடும் அப்படியே இருக்கட்டும்.

அடித்தான். தட்டில் கொட்டினான். தராசில் வைத்தான். சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும். ஒரு வரிசை முடிந்தபோது அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

"கொல்லன் பட்டறை வெச்சிருக்கியா?" கதவில் ரோவீனா நின்றாள். கையில் துணி போட்டு மூடிய பாத்திரம். அவள் கண் கழன்று கிடந்த குண்டுகளுக்குப் போயிற்று. பிறகு பெட்டிக்கு. பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவனோடதை உடைக்கிறியா?"

"ரோவீனா…"

"செத்து ரெண்டு மாசம் ஆகல. அவனை நம்பலையா நீ?"

"அடுத்தவன் அடைச்சதை யாரும் சுடக் கூடாதுன்னு அவன்தான் சொல்லுவான்."

"நீ அடுத்தவனா? அவன் பல்லு கழண்டப்போ உன்கிட்டதானே முதல்ல காட்டினான்!"

அவள் தட்டைப் பார்த்தாள். "இதுவரைக்கும் ஏதாவது தப்பா இருந்துச்சா?"

"இல்ல. எல்லாம் சரி."

"அப்போ நிறுத்து. இருக்குறதைச் சுடு. இல்ல, முழுத் தோட்டாவாவே தராசுல வெச்சுப் பாரேன், எதுக்கு உடைக்கணும்?"

"குண்டும் கூடும் ஒண்ணுக்கொண்ணு கூடக் குறைய இருக்கும். அதுல இந்தத் துளி மருந்து காணாமப் போயிரும். பாக்காததைச் சுட மாட்டேன், ரோவீனா. என் கையாலயும் சுட மாட்டேன், சுடுற இடத்துல ஆர்லோ கையில கொடுக்கவும் மாட்டேன்."

அவள் முகம் சிவந்தது. கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். "சரி, அடி. எல்லாத்தையும் அடி. கடைசி வரைக்கும் சரியா இருந்தா, அவன் கல்லறைக்குப் போய் சத்தமா மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்குறேன்."

அடித்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் தராசைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வரிசைதான் மிச்சம். கல்லறையில் என்ன சொல்வது என்று டெல்பர்ட் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டான். அடுத்ததை அடித்துக் கொட்டினான்.

தராசின் முள் ஏறிப் போய் மேலே முட்டிக்கொண்டு நின்றது.

தட்டில் இருந்த குவியல் பார்த்தாலே தெரிந்தது. இரட்டிப்பு.

"டார்ச் நான்தான் பிடிச்சேன்," என்றாள் ரோவீனா.

அவன் திரும்பினான்.

"நீ படுத்துட்டல்ல. 'ரோ, நீ வந்து எட்டிப் பாரு, என் கண்ணு மட்டும் போதாது'ன்னு கூப்பிட்டான். போனேன். ஒவ்வொண்ணா, 'சரியா இருக்கா, சரியா இருக்கா'ன்னு கேட்டான். எதைப் பாக்கணும்னு எனக்கு என்ன தெரியும்? கேட்டா, ஏற்கெனவே சொன்னேனேம்பான், சொல்லியிருக்க மாட்டான், அப்புறம் அவனுக்கே சந்தேகம் வந்து கலங்கிப் போவான். அதான் எல்லாத்துக்கும் சரின்னு சொன்னேன்." அவள் அந்தக் குவியலை விரலால் தொட்டாள். "இதுக்கும் சரின்னுதான் சொல்லியிருக்கேன். அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டான் தெரியுமா அன்னைக்கு!"

டெல்பர்ட் பாத்திரத்தின் துணியை விலக்கினான். மக்காச்சோள ரொட்டி. இரண்டு பேரும் அதைப் பிய்த்துத் தின்றார்கள். நிலவறை வாசனைதான் இல்லை.

"மிச்சத்தையும் அடி," என்றாள் பிறகு. "இந்த மருந்தைக் கொட்டிராதே. அவன் மிஞ்சினதைத் தக்காளிப் பாத்திக்கு உரமாத்தான் தூவுவான்."

மத்தியானம் டெல்பர்ட் ரேடியோவை அணைத்தான். மேஜையில் ஒரே ஒரு டப்பா வைத்தான். கீழ் அளவு. ரோவீனா போய் வாதுமைக் கட்டையையும் வெர்லினின் டார்ச்சையும் கொண்டு வந்தாள்.

"எதைப் பாக்கணும்?"

"மட்டத்தை. கிணத்துல தண்ணி பாக்குற மாதிரி. பக்கத்துல இருக்குறதோட ஒப்பிட்டுப் பாரு. ஒண்ணு உசந்தோ தாழ்ந்தோ இருந்தா நிறுத்து."

மூக்குக் கண்ணாடியை இழுத்து விட்டுக்கொண்டு அவள் பார்க்கத் தொடங்கினாள். "சரி… சரி…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இது கொஞ்சம் தாழ்வா இருக்கு."

டெல்பர்ட் எடுத்துத் தராசில் கொட்டி நிறுத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

"என் கண்ணு தப்பு," என்றாள்.

"பரவாயில்ல. வெர்லினும் இப்படித்தான் என் உயிரை வாங்குவான்."

அவள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் நிற்கவில்லை. வெர்லினின் பெரிய காதடைப்பான் தலையில் ஆட, டெல்பர்ட்டின் வண்டியில் வந்து இறங்கினாள். சுடும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்லோ பெட்டியைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"யார் அடைச்சது?"

"குண்டும் கூடும் வெர்லினோடது," என்றான் டெல்பர்ட். "அடைச்சது நானும் ரோவீனாவும்."

"அப்போ நாங்க யாரும் தொட மாட்டோம். நீங்க ரெண்டு பேர்தான் சுடணும். இல்லேன்னா வெர்லின் எந்திரிச்சு வந்து என்னை உதைப்பான்."

எல்லாரும் ரோவீனாவைப் பார்த்தார்கள். கல்யாணமான புதிதில் சுட்டது. அதன் பிறகு இன்றைக்குத்தான். கார்பைனைத் தோளில் பதித்தாள். முதல் குண்டு மண்மேட்டில் புழுதியைக் கிளப்பியது. "தகடு அந்தப் பக்கம், ரோவீனா!" என்று ஆர்லோ கத்தினான். "வாயை மூடு, ஆர்லோ!" என்றாள் அவள். இரண்டாவது, தகட்டில் மணி அடித்தது போல் விழுந்தது.

துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து, புல்லில் கிடந்த கூடு ஒன்றை எடுத்தாள். சுட்டதும் வெர்லின் எப்போதும் செய்வது போலவே அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"மருந்து கூடி உப்பியிருக்கா?" என்று கேட்டான் டெல்பர்ட்.

"இல்ல," என்றாள். "வழவழன்னு இருக்கு. இன்னும் சூடா இருக்கு."

அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி துப்பாக்கியை எடுத்தாள்.